தொரை காடியின் சத்தம்

1974ஆம் ஆண்டுக் கடைசியில், பள்ளி விடுமுறைக்கு, சிங்கப்பூரில் 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினோம். அப்பா பிறந்த மண்ணைப் பார்த்து 22 வருடம் ஆகியிருந்தது. எனக்கு வயது 16. ஊர் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்ப்பது அதுவே முதல் தடவை. துறைமுகத்துக்கு வெளியே ஓர் அம்பாசடர் வாடகைக் காரைப் பேசி, தகரப் பெட்டிகளையும் ஜமக்காளச் சுருளையும் கூரைமேல் கட்டிக்கொண்டு திருவாரூர்ச் சாலையில் புறப்பட்டோம். முன்னால் அப்பா, பின்னால் அம்மாவும் தங்கையும் நானும். ஊரெல்லை தாண்டி வண்டி வேகம் எடுத்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கம் திரும்பி, "கேட்டியா? இது நம்ம தொரை காடி சத்தம்டா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துத் தொரையின் காடியில் இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாக ஓடும். கூரையை மடக்கிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம். இந்த அம்பாசடரோ ஒரு குடும்பத்தையும் அதன் சாமானையும் சேர்த்துச் சுமக்கிற வண்டி. "அது எங்கப்பா, இது எங்க?" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா அன்று சொன்னது எனக்கு விளங்க 37 வருடம் ஆயிற்று.

நாங்கள் வாழ்ந்த ரெங்கம் மலேசியாவில் ஒரு சின்ன ஊர். ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டம். ஜொகூரைக் கடக்கும் ரயில் பாதை 1909இல் முடிந்தது. பாதை வந்ததும் காடு போயிற்று. காடு போன இடத்தில் ரப்பர் வந்தது. ரப்பருக்காக எங்கள் ஆட்கள் வந்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஸ்டேஷன், எதிரெதிராகக் கடைவீடுகள், அவ்வளவுதான் பட்டணம். அதைத் தாண்டினால் எந்தச் சடக்கில் போனாலும் இருபக்கமும் பால்மரம். எங்கள் தோட்டத்தின் பெயர்ப்பலகை பின்னாளில் மாறிவிட்டது. மரமும் மாறிச் செம்பனை ஆகிவிட்டது. ரயில் பாதை இரட்டையாகி, அதன் மேலே இப்போது மின்கம்பி ஓடுகிறது.

அப்பா தொரையின் டிரைவர். சம்பளப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் தோட்டத்து லாரி, ஜீப், ரப்பர் ஷீட் உருட்டும் மெஷின், தொரை பங்களாவுக்கு விளக்கெரிக்கும் ஜெனரேட்டர் என்று எது நின்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். நான்காம் வகுப்புவரை தமிழ் படித்தவர். ஆங்கிலத்தில் எண்களும் சில எழுத்துகளும் தெரியும். வண்டியோடு வந்த கையேட்டில் படங்களை மட்டும் பார்த்து, மற்றதைக் காதால் கற்றுக்கொண்டார்.

தொரை ஸ்காட்லாந்துக்காரர். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், எங்கள் பக்கத்துத் தோட்டத் தொரைமார்கள் இரும்புத் தகடு அடித்த வண்டிகளில்தான் வெளியே போனார்கள். சடக்கின் எந்த வளைவில் துப்பாக்கி காத்திருக்கும் என்று தெரியாத காலம் அது. காடு அடங்கியதும், 1959இல், எங்கள் தொரை கூரை இல்லாத ஒரு வண்டியை வாங்கினார். பதினொரு வருடம் இரும்புக்குள் உட்கார்ந்திருந்த மனிதர் காற்று வாங்க ஆசைப்பட்டார் என்று அப்பா சொல்வார்.

அது எம்.ஜி.ஏ. 1500. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற சிற்றூரில் செய்த வண்டி. 1955இலிருந்து 1962வரை எம்.ஜி.ஏ. வண்டிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன; அவற்றில் இங்கிலாந்திலேயே விற்றவை 6,000க்கும் குறைவு. மற்றதெல்லாம் கடல் கடந்தது. அப்படிக் கடந்த ஒன்றுதான் ரெங்கத்துக்கு வந்தது. வெள்ளை நிறம், சிவப்புத் தோல் சீட். கதவுக்கு வெளியே கைப்பிடியே கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு பெரிய அதிசயம். அப்பா கழுவும்போது ஆளுக்கு ஒரு தடவை இழுக்க விடுவார்.

அந்த வண்டிக்கு இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர். இரண்டும் சமமாகக் காற்று இழுத்தால்தான் எஞ்சின் ஒரே சீராக ஓடும். அப்பா ஒரு முழ நீள ரப்பர்க் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்பரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடிப்பார். உஸ்ஸென்று வரும் சத்தம் இரண்டிலும் ஒன்றாகும்வரை திருகுகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்புவார். அப்போது யாரும் பேசக்கூடாது. கோழி கத்தினால்கூட விரட்டச் சொல்வார்.

1962இல் சிங்கப்பூர் தாம்சன் ரோட்டில் நடந்த கார்ப் பந்தயத்துக்குத் தொரை அந்த வண்டியில் போனார். வழியில் ஏதாவது ஆனால் பார்ப்பதற்கு அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மலேசியா என்ற நாடு பிறக்க இன்னும் ஒரு வருடம் இருந்தபோதே அதற்கு மலேசியன் கிராண்ட் பிரீ என்று பெயர். யோங் நாம் கீ என்பவர் ஜாகுவார் இ-டைப் ஓட்டி ஜெயித்தார். அந்தப் பெயரை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. ஜெயித்த வண்டியின் வேகத்தைப் பற்றி அவர் பேசியதில்லை. வளைவுக்கு முன்னால் கியர் இறக்கும்போது வந்த சத்தத்தைத்தான் வாயால் செய்துகாட்டுவார்.

அம்மா பால்வெட்டு. அந்தக் காடியைப் பற்றி அவர் ஒருநாளும் நல்லதாகவோ கெட்டதாகவோ பேசி நான் கேட்டதில்லை.

1971இல் தொரை ஊருக்குத் திரும்பினார். அந்தச் சில வருடங்களில் தோட்டமே ஆடிப்போயிருந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்று ஆனபின், எங்கள் லயத்திலிருந்தே பல குடும்பங்கள் கப்பலேறின. தொரை காடியை ரெங்கம் பட்டணத்துச் சாமான் கடைத் தவுக்கேயிடம் விற்றார். தவுக்கேயின் மகனுக்கு அந்த வண்டிமேல் ஆசை. ஐந்து வருடம் ஓட்டினார். வேலை அப்போதும் அப்பாதான் பார்த்தார். 1976இல் மகன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனார். தவுக்கே அப்பாவைக் கூப்பிட்டு, "இவன் திரும்பி வரும்வரை பத்திரமாகக் கட்டி வை" என்று மலாயில் சொன்னார். கடைக்குப் பின்னால் இருந்த ஸ்டோரில் அப்பா வண்டியைக் கட்டி வைத்தார். அந்த மகன் அங்கேயே தங்கிவிட்டார்.

நான் அப்போது சிங்கப்பூரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் வீட்டுக்கு வந்தபோது அம்மா கோபமாக இருந்தார். பிள்ளைகளுக்குப் பேதி கொடுக்க வைத்திருந்த விளக்கெண்ணெய் பாட்டில் காணோம். அப்பாவைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அன்றைக்கு அது வெறும் வீட்டுச் சண்டை.

அப்பா 1994இல் இறந்தார். சாவதற்கு ஒரு வருடம் முன்புவரைகூட, பட்டணத்துக்குப் போனால் அந்த ஸ்டோர் பக்கம் ஒரு நடை போய், பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

2011இல் தவுக்கேயின் பேரன் என்னைத் தேடி வந்தார். நான் 30 வருடத்துக்கு மேல் சிங்கப்பூரிலும் குளுவாங்கிலும் பட்டறைகளில் உழைத்துவிட்டு, ரெங்கத்தில் வீட்டோடு ஒரு கொட்டகை போட்டுச் சின்னச் சின்ன வேலைகள் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, ஸ்டோரை இடிக்கப் போறோம். பழைய இரும்புக்காரர் விலை கேட்கிறார். உங்கள் அப்பா பூட்டிய வண்டி, நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்றார். ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் விலைக்கு அந்த வண்டியை எனக்குக் கொடுத்தார். அந்தப் பையனின் பெருந்தன்மையை நான் மறக்கக் கூடாது.

பூட்டுக்குச் சாவி இல்லை, அறுத்தோம். 35 வருடத்து வௌவால் எச்சம், தூசி, கிழிந்த தார்ப்பாய். தார்ப்பாயை இழுத்தபோது வெள்ளை வண்டி தேநீர்க் கறை நிறத்தில் நின்றது. நான் முதலில் பார்த்தது வண்டியை அல்ல, அதன் அடியை. சக்கரங்கள் தரையைத் தொடவில்லை. அப்பா நான்கு இரும்புத் தாங்கிகளைக் கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார். ஒவ்வொரு தாங்கியின் காலும் ஒரு வெட்டிய பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தது. தகரத்தின் அடியில் கறுப்பாகக் காய்ந்த கசடு. பழைய எஞ்சின் எண்ணெய். லயத்து வீட்டில் அலமாரிக் காலுக்கு அடியில் தண்ணீர் ஊற்றிய மங்கு வைப்போமே, எறும்பு ஏறாமலிருக்க, அதே வேலை. காருக்கும் செய்திருக்கிறார். கரையான் ஏறக்கூடாது.

கரையான் ஏறித்தான் இருந்தது. எந்த வருடமோ கூரையிலிருந்து ஒரு மரச்சட்டம் சரிந்து வண்டியின் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தப் பாலத்தின் வழியாகக் கரையான் உள்ளே போய்விட்டது. காரில் கரையானுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எம்.ஜி.ஏ.யின் கால் வைக்கும் தரை இரும்பு அல்ல, ஒட்டுப்பலகை. கம்பளத்தைத் தூக்கினேன், பலகை இருந்த இடத்தில் மண்புற்று இருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்து, ஸ்டோரின் சிமெண்டுத் தரை தெரிந்தது. பின்னால் அதற்கு மெராந்தி ஒட்டுப்பலகை வாங்கி, பழைய பலகையின் எஞ்சிய ஓரத்தைக் காகிதத்தில் வரைந்து அளவெடுத்து, நானே அறுத்துப் போட்டேன்.

இரும்பு நான் பயந்த அளவுக்குக் கெடவில்லை. கதவுக்குக் கீழே உள்ள விளிம்புகளும், சீட்டுக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் தொட்டிகளும் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தன. வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்ற வைத்தோம். முன்மூடி, பின்மூடி, கதவுத் தோல் எல்லாம் அலுமினியம் என்பதால் தப்பின. முழுக்கச் செத்தது ரப்பர்தான். டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ரேடியேட்டர்க் குழாய்கள் மண் ஓடு மாதிரி உடைந்தன. கதவு ஓரப் பட்டைகள் பிசினாக உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சுகளின் மூட்டில் இருக்கும் புஷ், பெடலின் மேலுறை, பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் கிண்ணம், எதையும் காப்பாற்ற முடியவில்லை. இயற்கை ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் பட்டுப் பட்டே இறுகி வெடிக்கும் பொருள். ஓடுகிற டயராவது நெகிழ்ந்துகொண்டிருக்கும். சும்மா இருக்கிற டயர் ஒரே இடத்தில் கிடந்து மடியும்.

அந்த டயர்களைக் கழற்றியபோது பக்கச் சுவரில் டன்லப் என்ற எழுத்து தெரிந்தது. டன்லப் கம்பெனிக்கு மலாயாவிலேயே பெரிய ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. உலகத்திலேயே அதிக ரப்பர் வெட்டிய நாடு 1980களின் கடைசிவரை எங்கள் நாடுதான். வண்டி இங்கிலாந்திலிருந்து வந்தது என்று ஊரே சொன்னது. ஆனால் அதன் சக்கரத்திலும் குழாயிலும் மூட்டிலும் இருந்தது பெரும்பாலும் இந்தப் பக்கத்து மரத்துப் பால். யாரோ ஒரு அம்மா விடியற்காலையில் வெட்டி, மங்கில் வடியவிட்டு, காண்டாக்கட்டையில் சுமந்து கொண்டுபோய் நிறுத்த பால். கப்பலேறிப் போய், காராகித் திரும்பி வந்திருக்கிறது.

பிரேக்கில் நான் ஒரு தப்புச் செய்தேன். புது ரப்பர்க் கிண்ணங்களைச் சுத்தமாக வைக்கலாம் என்று மண்ணெண்ணெயில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். முப்பது வருடத் தொழிலில் கற்ற பாடத்தை ஒரு ராத்திரி அசதியில் மறந்தேன். காலையில் அவை ஊறவைத்த கொண்டைக்கடலை போல் ஊதிக் கிடந்தன. பிரேக் ரப்பரில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ படவே கூடாது. பிரேக் எண்ணெயால் மட்டுமே கழுவ வேண்டும். மறுபடி வரவழைக்க ஆறு வாரம் ஆனது. பழைய வண்டியை எழுப்ப நினைக்கிறவர்கள் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்: ஓட வைப்பதற்கு முன்னால் நிற்க வைக்கக் கற்க வேண்டும்.

எஞ்சினைத்தான் நான் கடைசிவரை தள்ளிப்போட்டேன். 35 வருட ஈரக்காற்றில் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றாக இறுகியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பிளக்குகளையும் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். துரு இல்லை. தேன் நிறத்தில், கெட்டியாக, பளபளவென்று ஏதோ பூசியிருந்தது. கம்பியை விட்டுச் சுரண்டி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

விளக்கெண்ணெய்.

கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா 1976இல் தேடிய பாட்டில் இங்கே இருக்கிறது. விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய் மாதிரி வழிந்து இறங்கிவிடாது, இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பந்தய வண்டிகளுக்கே அதிலிருந்து செய்த எண்ணெய்தான் ஊற்றினார்கள். தாம்சன் ரோட்டில் அந்த வாசனையை அப்பா பிடித்திருப்பார். அதை நினைவில் வைத்திருந்து, பதினாலு வருடம் கழித்து, தனக்குச் சொந்தமில்லாத ஒரு வண்டிக்கு, தன் பிள்ளைகளின் பேதி மருந்தை ஊற்றியிருக்கிறார். காலப்போக்கில் அது பிசினாகிவிட்டது, உண்மைதான். ஸ்பிரிட் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டேன். நான்காம் நாள் முன்பக்கத்துத் துளையில் கைச்சுழற்றியைப் பொருத்தி, மெதுவாக அழுத்தினேன். கால் சுற்று வந்தது. பிறகு அரை. பிறகு முழுச் சுற்று.

ஆனாலும் ஹெட்டைக் கழற்றாமல் விட முடியாது. வால்வுகளைப் பார்க்க வேண்டும். கேஸ்கெட் மாற்ற வேண்டும். டைமிங் செயின் தளர்ந்திருந்தது. இங்கிலாந்திலிருந்து எல்லாம் வரவழைக்கலாம். பவுண்டு விலை என் கைக்கு எட்டவில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அத்தை மகனுக்குப் போன் போட்டேன். எந்த வண்டி என்று சொன்னால் பயந்துவிடுவாரோ என்று அளவை மட்டும் படித்தேன்: 1489 சிசி, சிலிண்டர் விட்டம் 73.02 மில்லிமீட்டர், ஓட்டம் 88.9, நான்கு சிலிண்டர், மேல் வால்வு.

அவர் யோசிக்கவே இல்லை. "என்ன மச்சான், அம்பாசடர் எஞ்சினுக்குப் போய் இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க?"

பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே வைத்துவிட்டேன். பிறகு தேடித் தேடிப் படித்தேன். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 'பி' வரிசை என்று ஓர் எஞ்சினைச் செய்தது. அதையே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு குடும்பக் காருக்குப் போட்டார்கள்; இரண்டு கார்பரேட்டர் வைத்துக் கொஞ்சம் முறுக்கேற்றி எம்.ஜி.ஏ.க்குப் போட்டார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சில் பிறந்ததுதான் ஹிந்துஸ்தான் அம்பாசடர். அதற்கும் 1959இலிருந்து அந்த 1489 சிசி எஞ்சின்தான். தொரை பங்களா வாசலில் நின்ற வண்டிக்கும், நாகப்பட்டினம் துறைமுகத்து வாசலில் நின்ற வண்டிக்கும் நெஞ்சு ஒன்று.

நாலாம் வகுப்பு படித்தவர், கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு மைல் தூரத்துக்குள் அதைச் சொல்லிவிட்டார். தொழில் பழகப்போகும் திமிரில் நான் சிரித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

புதுப்பேட்டையிலிருந்து வந்த ஹெட் கேஸ்கெட்டும் செயினும் அளவு பிசகாமல் உட்கார்ந்தன. பெட்ரோல் தொட்டிக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துரு எடுத்தோம். எலி கடித்த வயர்களை நிறம் பார்த்து மாற்றினோம். அந்தக் கால ஆங்கில வண்டிகளில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை என்றால் சாவி போட்டால் வருவது, பச்சை ஃபியூஸ் தாண்டியது, கறுப்பு எர்த். பேட்டரியும் ஒன்றல்ல, ஆறு வோல்ட்டில் இரண்டு. அதிலும் இந்த வண்டியில் பிளஸ் முனைதான் உடம்போடு சேர வேண்டும். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. என்னிடம் வேலை பழகும் தம்பி பழக்கத்தில் மைனஸை உடம்போடு சேர்க்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு மணி நேரம் உட்கார வைத்து விளக்கினேன். எனக்கு அப்பா விளக்காமல் விட்டது எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் விளக்காமல் இல்லை, நான் கேட்கவில்லை.

2012 ஆகஸ்டில் ஒரு காலை, ஐந்தரை மணி. பகலில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும் என்பதால் இருட்டிலேயே தொடங்கினேன். சாவியைத் திருப்பினேன். சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் பம்ப் ஓடவில்லை. எஸ்.யூ. பம்பின் முனைகள் ஒட்டிக்கொள்வது வழக்கம். ஸ்பேனர்ப் பிடியால் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினேன். டிக், டிக், டிக் என்று வேகமாகத் தொடங்கி, கார்பரேட்டர்கள் நிரம்ப நிரம்ப நிதானமாகி, நின்றது. சோக்கை இழுத்தேன். ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பற்றிக்கொண்டது. முதலில் விளக்கெண்ணெய்ப் புகை. பிறகு, அந்தச் சத்தம்.

வீட்டுக்குள்ளிருந்து அம்மா ஓடிவந்தார். அப்போது அவருக்கு 79 வயது, மூட்டுவலி, ஓடி நான் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே வந்தார். கண் என்னைப் பார்க்கவில்லை, மரம் தேடியது. "தொரை வந்துட்டாரா?" என்றார்.

எஞ்சினை நிறுத்தினேன். அம்மா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் நிதானித்ததும் சொன்னார்: "இந்தச் சத்தம் கேட்டா வயித்துல புளியக் கரைக்கும்யா. தூரத்துல கேக்கும்போதே கை நடுங்கும். பட்டையில ஆழமா வெட்டி மரத்துல காயம் பட்டுருச்சுன்னா அன்னைக்குப் பேரு போடமாட்டாங்க. இருட்டுல, நெத்தி விளக்க வச்சுக்கிட்டு அஞ்சாறு நூறு மரம். இந்தக் காடி எந்த நெரைக்கு வருதுன்னு காது அதுலதான் இருக்கும்."

பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அந்த வண்டியின் சத்தத்தை அப்பா சங்கீதம்போல் கேட்டார். அதே சத்தத்தை அம்மா பன்னிரண்டு வருடம் பயத்தோடு கேட்டார். ஒரே லயத்து வீட்டில், ஒரே பாயில் படுத்த இரண்டு பேர். நாகப்பட்டினத்தில் அப்பா திரும்பிப் பார்த்துச் சொன்னபோது அம்மா ஏன் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அம்மாதான் வேண்டாம் என்றார். "உங்கப்பா கை பட்டது. ஓட்டு. ஆனா என்னையும் ஒருநாள் ஏத்திக்க. அதுல உக்காந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்." ஆய்வுச் சோதனை முடிந்து, பெயர் மாறி, சாலை வரி கட்டி, மேலும் சில மாதம் கழித்து ஏற்றிக்கொண்டேன். கதவுக்குக் கைப்பிடி இல்லையே என்று தடுமாறினார். கையை உள்ளே விட்டுக் கயிற்றைக் காட்டினேன். அவரே இழுத்தார். பழைய தோட்டத்துச் சடக்கில், அவர் பால் வெட்டிய நெரைகள் இருந்த இடத்தில், இப்போது செம்பனை நிற்கும் வழியில், 40 கிலோமீட்டர் வேகத்தில் போனோம். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை இருந்த மேடு அது. இறங்கவில்லை. வண்டியில் இருந்தபடியே நன்றாகப் பார்த்துவிட்டு, "தொரைக்கு இப்படித்தான் தெரிஞ்சிருக்கும் நாங்கல்லாம்" என்றார். பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அம்மா இப்போது இல்லை. வண்டி இருக்கிறது. ஆபிங்டன் தொழிற்சாலையை 1980இலேயே மூடிவிட்டார்கள். அம்பாசடரையும் 2014இல் நிறுத்திவிட்டார்கள். எம்.ஜி.ஏ. வண்டிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. யார் வடிவமைத்தார், யார் ஓட்டினார், எந்தப் பந்தயத்தில் எந்த இடம் என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். மலாயாத் தோட்டங்களில் அந்த வண்டிகளைக் கழுவி, பழுது பார்த்து, காதில் குழாய் வைத்துச் சுருதி சேர்த்த டிரைவர்களின் பெயரை அவற்றில் நான் பார்க்கவில்லை. அந்தச் சத்தம் வரும் திசையைக் காது கொடுத்துக்கொண்டே மரம் வெட்டிய பெண்களின் பெயரும் இல்லை. அவர்கள் அறிந்ததை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

ஓர் எஞ்சின் ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்துதான் சீக்கிரம் கெடுகிறது. மனிதருக்குள் இருக்கும் அனுபவமும் அப்படியே. உங்கள் வீட்டில் தோட்டத்தில் உழைத்த ஒரு பெரியவர் இன்னும் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வது நம்பும்படி இல்லையென்றாலும் சிரிக்காதீர்கள், எழுதி வையுங்கள்.